சைகஸ் செடியின் பவள வேர்: கண்டுபிடிக்க, வெட்டிப் பார்க்க, காப்பாற்ற

சைகஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அடித்தண்டை ஒட்டி மண்ணுக்கு மேல் முடிச்சு முடிச்சாக ஏதோ எட்டிப் பார்த்தால், அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பூஞ்சைக்கொல்லியும் ஊற்றாதீர்கள். வேரில் கட்டி வந்துவிட்டது என்று பயந்து பலர் முதலில் செய்வது இந்த இரண்டையும்தான். அது நோய் இல்லை. பவள வேர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். அதற்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து, செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருகிறது.

படத்தில் மட்டும் பார்த்த ஒன்றை உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே பார்க்கலாம். ஒரு பிளேடும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பும் கிடைத்தால் உள்ளே இருக்கும் பாசியையும் பார்த்துவிடலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது எந்தச் சைகஸ்?

நர்சரியில் சைகஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சைகஸ் ரெவலூட்டா. தெற்கு ஜப்பானும் ரியுக்யு தீவுகளும் அதன் சொந்த ஊர். குட்டையாக இருக்கும். சிற்றிலைகளின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், நுனி குத்தும். பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் பனைக்கும் இதற்கும் உறவில்லை. பைன் மரம்போல இதுவும் பூக்காத, கூம்பு விடும் விதைத் தாவரம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சைகஸ் ஒன்றும் உண்டு. சைகஸ் சர்சினாலிஸ். அது உயரமாக வளரும், இலை நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். கேரளத்தில் ஈந்து என்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது இதன் ஆண் கூம்பின் செதில்களைத்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் தாவரமாக இதைச் சர்வதேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் பவள வேர் பார்க்க ஆசைப்பட்டுக் காட்டில் போய்த் தோண்டுவது கூடவே கூடாது. சைகஸும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும் சேர்ந்த கூட்டத்தில் மொத்தம் 350-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பவள வேர் அந்தக் கூட்டத்துக்கே பொதுவானது. ஆகவே நர்சரியில் வாங்கிய ஜப்பான் செடியே நமக்குப் போதும்.

எங்கே தேடுவது

மற்ற வேர்கள் கீழே போகும். பவள வேர் மேலே வரும். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. தண்ணீர் ஊற்றி மண் இளகியிருக்கும் நேரத்தில், தண்டைச் சுற்றி மேல்மண்ணை விரலாலேயே மெல்ல விலக்குங்கள். களைக்கொத்து, கரண்டி எதுவும் வேண்டாம். விரல் கணுவில் ஒன்று இரண்டு ஆழத்துக்குள் இருந்தால் கைக்குத் தட்டுப்படும். தரையில் வளரும் செடியானால் தண்டடியில் சேர்ந்திருக்கும் சருகை விலக்கிப் பாருங்கள், பல நேரம் சருகுக்கும் மண்ணுக்கும் நடுவிலேயே படர்ந்திருக்கும்.

பார்ப்பதற்கு மண் ஒட்டிய இளம் இஞ்சித் துண்டு போல இருக்கும். ஆனால் கிளை பிரிவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நுனியும் இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி இரண்டாகும். இப்படிப் பிரிந்து பிரிந்து நெருக்கமான கொத்தாகிவிடும். சின்னச் செடியில் விரல்நுனி அளவுக் கொத்து, வயதான செடியில் கைப்பிடி அளவு வரைக்கும்கூட இருக்கலாம். மேல்தோலில் வெளிர்நிறப் புள்ளிகள் தெரியும். அவை பட்டைத்துளைகள், காற்று போய்வரும் வழி.

நீங்கள் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பதறத் தேவையில்லை. தாய்ச்செடியிலிருந்து பிரித்து நட்ட கன்றுக்கு வேரே புதிதாகத்தான் வரவேண்டும், பவள வேர் அதற்கும் பிறகுதான். நர்சரியில் உரம் தாராளமாகப் போட்டு வளர்த்த செடிகளிலும் இது இல்லாமல் போகலாம்.

பவள வேர்தானா, வேறு ஏதாவதா?

குழப்பிக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி வைத்தவர்களுக்கு இது பழக்கமான எதிரி. நூற்புழு தாக்கினால் கீழ்நோக்கிப் போகிற சாதாரண வேரின் நடுவிலேயே ஒழுங்கில்லாத வீக்கங்கள் வரும். மேல்நோக்கி நிமிர்ந்து நிற்பது, இரண்டிரண்டாகக் கிளை பிரிவது என்ற இரண்டும் அதில் இருக்காது.

இரண்டாவது செதில் பூச்சி. தாய்லாந்துப் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஒரு வெள்ளைச் செதில் பூச்சி சைகஸையே குறிவைத்துத் தாக்கும். 1996-ல் புளோரிடாவிலும் 2003-ல் குவாம் தீவிலும் தலைகாட்டியது. குவாமின் இயற்கைச் சைகஸ் காடுகளை அது ஏறக்குறைய மொட்டையடித்துவிட்டது. இலையில் மட்டும் இல்லை, மண்ணுக்குள் வேரிலும் ஒட்டியிருக்கும். பட்டைத்துளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினால் வராது, தோலோடு தோலாக இருக்கும். செதில் பூச்சி பொடிப்பொடியாக உதிர்ந்து வரும். உதிர்ந்தால் உடனே அந்தத் தொட்டியை மற்ற சைகஸ்களிடமிருந்து தள்ளி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது பக்கக் கன்று. அது தண்டிலிருந்து வரும், உருண்டையாக, பழுப்புச் செதிலும் ரோமமுமாக இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் இருந்தால், வெட்டிப் பார்ப்பதுதான் வழி.

வெட்டிப் பார்ப்பது

எனக்கு இந்த வேலைதான் ரொம்பப் பிடிக்கும். தாவரவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வகத்தில் செய்வதுதான், வீட்டிலும் அப்படியே செய்யலாம். தேவைப்படுவது ஒரு புதிய ஷேவிங் பிளேடு, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஊசி, கையில் பிடிக்கும் லென்ஸ். மைக்ராஸ்கோப் இருந்தால் கண்ணாடி ஸ்லைடும் மூடு கண்ணாடியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

கொத்திலிருந்து ஒரே ஒரு கிளையை மட்டும் எடுங்கள். அரை அங்குலம் போதும். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு இலை மட்டுமே விட்டிருக்கும் நாற்றில் கை வைக்காதீர்கள், அது கொஞ்சம் தேறட்டும். வெட்டிய துண்டை நன்றாகக் கழுவி, குறுக்காக, நாணயம் படுத்திருக்கிற வாக்கில் மெல்லிய வட்டங்களாகச் சீவுங்கள். சீவும்போது பிளேடும் வேரும் ஈரமாகவே இருக்கட்டும். சீவியவற்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதில் மிக மெல்லியதை மட்டும் பொறுக்கி எடுங்கள். முதலில் சீவுகிறவை தடிமனாகத்தான் வரும், பொறுமையாகத் தொடருங்கள்.

மெல்லிய வட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிர்நிறச் சதைக்கு நடுவே, விளிம்புக்கும் மையத்துக்கும் இடையில், நீலம் கலந்த பச்சையில் ஒரு வளையம் தெரியும். லென்ஸ்கூடத் தேவைப்படாத அளவுக்குத் தெளிவாகவே இருக்கும். வெளிச்சமே படாத மண்ணுக்குள் வளர்ந்த வேருக்குள் இப்படி ஒரு பச்சை. அந்த வளையம்தான் பாசியின் வீடு. வெளிப்புறணி, உட்புறணி என்ற இரண்டு திசு அடுக்குகளுக்கு நடுவில் கொழகொழப்பான பசை நிறைந்த ஓர் இடைவெளியைச் செடி ஒதுக்கித் தருகிறது. அந்த இடைவெளியைத் தாண்டிப் பாலம்போல் நீண்ட செல்கள் இரு பக்கத்தையும் இணைத்து நிற்கும். நல்ல சீவலாக அமைந்தால் மைக்ராஸ்கோப்பில் அவற்றையும் பார்க்கலாம்.

வளையம் தெரியவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நீங்கள் வெட்டியது கிழடுதட்டிய, பழுப்பேறிய பகுதியாக இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழே இருந்து இன்னொரு துண்டு எடுங்கள். அதிலும் இல்லையென்றால் பாசி இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். சைகஸின் தனிச்சிறப்பே அதுதான். பயறுச் செடியில் ரைசோபியம் பாக்டீரியா வந்த பிறகுதான் வேர்முடிச்சு உருவாகத் தொடங்கும். சைகஸோ பாசி வருவதற்கு முன்னாலேயே மேல்நோக்கிய குட்டை வேர்களை விட்டுத் தயாராக இருக்கும். பாசி வந்து குடியேறிய பிறகுதான் அந்த வேர்கள் தடித்து, கிளைத்து, முழுப் பவள வேராக மாறும்.

மைக்ராஸ்கோப் கிடைக்கிறவர்கள் இன்னொரு படி போகலாம். பச்சை வளையத்தை ஊசியால் கிளறி எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, மூடு கண்ணாடி வைத்து மெல்ல அழுத்துங்கள். 400 மடங்கு பெருக்கத்தில் உருண்டைச் செல்கள் வரிசையாக ஒட்டிய சங்கிலிகள் தெரியும். பெரும்பாலும் அது நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி. பாசி என்று சொன்னாலும் உண்மையில் அது பாக்டீரியா வகை. சங்கிலியின் நடுநடுவே சற்றுப் பெரிய, நிறம் வெளிறிய, தடித்த சுவர் உள்ள செல்களைத் தேடுங்கள். பக்கத்துச் செல்லோடு சேரும் முனையில் பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கும். அவைதான் ஹெட்டிரோசிஸ்ட் செல்கள். நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடப்பது அங்கேதான்.

முடிந்தால் அவற்றை எண்ணிப் பாருங்கள். மண்ணில் தனியாக வாழும் நாஸ்டாக்கில் பத்து இருபது செல்லுக்கு ஒரு ஹெட்டிரோசிஸ்ட் இருக்கும். பவள வேரின் முதிர்ந்த பகுதியில் மூன்றில் ஒரு செல், சில இடங்களில் அதற்கும் மேல். தனக்கு வேண்டியதைத் தாண்டிச் செடிக்காகவே நைட்ரஜன் பிடிக்கும்படி பாசியின் உடலமைப்பே மாறியிருக்கிறது. நுனிப்பகுதியிலிருந்து ஒன்றும் அடிப்பகுதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஸ்லைடு செய்து ஒப்பிட்டால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மும்மடிப் பிணைப்பில் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. அந்தப் பிணைப்பை உடைக்க நைட்ரோஜினேஸ் என்ற நொதி வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்குள் ஆற்றலைச் சுமந்து தரும் மூலக்கூறு) செலவாகும், அவ்வளவு ஆற்றல் தின்னும் வேலை. போதாக்குறைக்கு ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஹெட்டிரோசிஸ்ட்டின் சுவர் தடித்திருப்பது அதனால்தான்.

இருட்டில் இருக்கும் பாசியால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. பச்சை நிறமி அப்படியே இருக்கிறது, பயன்தான் இல்லை. சாப்பாடு முழுக்கச் செடி தரும் சர்க்கரையில்தான். பதிலுக்கு, பிடித்த நைட்ரஜனைக் குளுட்டமின் போன்ற சேர்மங்களாகச் செடி எடுத்துக்கொள்கிறது. இந்த வேருக்குள் இப்படி ஒரு உயிர் இருப்பதை ஜெர்மன் தாவரவியலாளர் ரைன்கே 1872-லேயே பதிவு செய்துவிட்டார். அது நைட்ரஜன் பிடிப்பது சோதனையில் உறுதியானது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

இது சைகஸுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று புரிய ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலைக்குப் போகவேண்டும். அங்கே ஜாரா மரக்காடுகளில் மாக்ரோசாமியா ரீட்லி என்ற, சைகஸுக்கு உறவான செடி வளர்கிறது. மண்ணில் சத்தே இல்லை. அடிக்கடி காட்டுத்தீ வரும், இருக்கிற நைட்ரஜனும் புகையாகப் போய்விடும். தீ அணைந்ததும் மாக்ரோசாமியா மறுபடி துளிர்க்கும். அது அடர்ந்திருக்கும் இடங்களில் பவள வேர்கள் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 19 கிலோ நைட்ரஜன் சேர்ப்பதாக 1976-ல் கணக்கிட்டார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா. எரிந்துபோன காட்டில் யாரும் போடாமல் மண்ணுக்கு வந்து சேரும் யூரியா.

பாசியை வரவழைப்பது

தண்ணீரில் மிதக்கும் பெரணியான அசோலாவை வளர்ப்பவர்களுக்கு ஒரு நீலப்பச்சைப் பாசி ஏற்கெனவே பழக்கம்தான். ஆனால் அசோலாவில் பாசி தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே போய்விடும். சைகஸ் விதைக்குள் பாசி கிடையாது. ஒவ்வொரு செடியும் மண்ணிலிருந்து புதிதாகத்தான் பெறவேண்டும். மண்ணில் இருக்கும் நாஸ்டாக், நகரக்கூடிய சின்னச் சின்ன இழைத்துண்டுகளை விடும். வேரின் மேல்தோலில் இருக்கும் பிளவு, திறப்பு வழியாக அவை உள்ளே போய்ச் சேரும்.

கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லும் மட்டும் போட்ட சுத்தமான கலவையில் வளரும் செடிக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அதற்குச் சுலபமான வழி, பவள வேர் உள்ள இன்னொரு சைகஸின் தண்டடி மண்ணில் ஒரு பிடி எடுத்து, உங்கள் செடியின் மேல்மண்ணோடு கலந்துவிட்டு, அதன் மேல் மெல்லிய சருகுப் படுக்கை போடுவது. மண் எடுக்கும் செடி நல்ல ஆரோக்கியமாக இருக்கவேண்டும். செதில் பூச்சியோ அழுகல் வாடையோ இருந்தால் அங்கிருந்து ஒரு சிட்டிகைகூட எடுக்காதீர்கள். பாசியோடு நோயும் சேர்ந்து வந்துவிடும்.

பராமரிப்பில் செய்யக்கூடாதவை

எல்லாவற்றிலும் முக்கியம் தாமிரம். காப்பர் ஆக்சிகுளோரைடு, மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை போன்றவற்றை மண்ணில் ஊற்றாதீர்கள். தாமிரம் பாசிக்கு நஞ்சு, குளத்துப் பாசியைக் கொல்லவே மயில்துத்தம் பயன்படுகிறது. பவள வேரைப் பூஞ்சை என்று நினைத்து இந்த மருந்தை ஊற்றுகிறவர்கள் செடிக்குச் சோறு போடுகிறவரையே துரத்திவிடுகிறார்கள். மனசுக்கு ரொம்ப வருத்தமான தவறு இது.

அடுத்தது யூரியா. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் நாஸ்டாக் ஹெட்டிரோசிஸ்ட் உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் மக்கிய உரம் போட்டால் தவறில்லை, யூரியா வேண்டவே வேண்டாம்.

பவள வேர் நைட்ரஜனை மட்டும்தான் தரும், மற்ற சத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகி, சுருங்கி, நுனி கருகி வந்தால் அது பெரும்பாலும் மாங்கனீசு குறைபாடு. போர் தண்ணீர் உப்பும் காரத்தன்மையுமாக இருக்கும் ஊர்களில் மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இதைப் பார்த்து நைட்ரஜன் போதவில்லை என்று யூரியா போடுகிறார்கள், மேலும் மோசமாகிறது. மாங்கனீசு சல்பேட்டைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கொடுங்கள். கெட்ட இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்த கொத்து இலை வரும்போதுதான் பலன் தெரியும்.

தண்ணீரை ஊற்றினால் முழுக்க ஊற்றி, மேல்மண் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுங்கள். தேங்கினால் பவள வேர்தான் முதலில் கறுத்துக் கூழாகும். தொட்டியின் கீழ்த்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டு, கலவையில் பாதியாவது பருமணலோ சிறுசரளையோ சேர்த்தால் போதும்.

கையுறை எதற்கு

சைகஸின் எல்லாப் பகுதியிலும் சைகசின் என்ற நஞ்சு இருக்கிறது, விதையில் அதிகம். ஈந்து விதையை உணவாக்கும் மலபார் பகுதியில்கூட அதை உலர்த்தி, ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிப் பக்குவப்படுத்திய பிறகுதான் மாவாக்குவார்கள். வீட்டில் நாயோ சின்னக் குழந்தையோ இருந்தால் விதை, வேர்த்துண்டு எதையும் எட்டும் இடத்தில் போடாதீர்கள். நாய் விதையைக் கடித்துவிட்டால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். சமையலறைக் கத்தியால் வேரை வெட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தொட்டி மாற்றும்போது

வேர் நிறைந்து தொட்டி மாற்றவேண்டிய நேரம் வரும். அப்போது பழைய மண்ணை முழுக்க உதறிக் கழுவாதீர்கள். அடித்தண்டைச் சுற்றியுள்ள மேல்மண்ணைக் கட்டி உடையாமல் அப்படியே புதிய தொட்டிக்குக் கொண்டுபோங்கள், பாசி அதில்தான் இருக்கிறது. முன்பு எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். அழகுக்காகப் பவள வேரை ஆழத்தில் புதைத்துவிட்டு மேலே கூழாங்கல் பரப்புவது நல்லதில்லை. சருகு போதும். இடையில் ஒன்றிரண்டு கிளை உடைந்தால் கவலை வேண்டாம், உடைந்த துண்டுகளை அதே தொட்டியின் மேல்மண்ணில் போட்டுவிடுங்கள். அடுத்த இலைக்கொத்து விரிந்து முற்றிய பிறகு, தண்டடிச் சருகை ஒருமுறை விலக்கி, புது வெளிர்நுனிகள் மேலே வருகின்றனவா என்று பாருங்கள்.